குடகா, வயநாடா? காப்பித் தோட்டம் வாங்குமுன் ஆள்கணக்கைப் பாருங்கள்

இரண்டு ஆண்டுகள் அலைந்து, கடைசியில் குடகை விட்டுவிட்டு வயநாட்டில் மானந்தவாடிக்கு அருகே ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம் வாங்கினேன். மண்ணும் மழையும் பார்த்து எடுத்த முடிவு அல்ல இது. மக்கள்தொகையைப் பார்த்து எடுத்தது.

இரண்டும் ஒட்டிக் கிடக்கும் மலை மாவட்டங்கள். வயநாட்டுத் தோல்பெட்டியைத் தாண்டினால் குடகின் குட்டா, அவ்வளவுதான் எல்லை. மிளகுக்கொடி ஏறிய நிழல் மரங்கள், யானைத் தொல்லை எல்லாம் இரு பக்கமும் உண்டு. மேற்கே மழை கொட்டித் தீர்க்கும், கிழக்கே போகப் போகக் குறையும். அரபிகா வகைக் காப்பிதான் வேண்டும் என்பவர்கள் குடகுக்கே போகலாம். வயநாடு ஏறக்குறைய முழுவதும் ரோபஸ்டா வகை. குடகில் ஜம்மா எனப்படும் பரம்பரை உரிமை நிலம் என்றால் பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். பல இடங்களில் அது கூட்டுக்குடும்பச் சொத்து.

இனி ஆள்கணக்கு. 2011 கணக்கெடுப்பின்படி குடகின் பரப்பு 4,102 சதுர கிலோமீட்டர், மக்கள் 5,54,519 பேர். வயநாடு 2,132 சதுர கிலோமீட்டர், 8,17,420 பேர். பாதி நிலத்தில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மக்கள்! அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் குடகில் கூடியவர்கள் ஆறாயிரம் பேர்கூட இல்லை. குடகில் பெரிய எஸ்டேட்டுகள் அதிகம். அறுவடைக்கு வெளியூர் ஆட்களை வரவழைத்து, தங்க இடமும் கொடுக்க வேண்டும். வயநாட்டில் திருவிதாங்கூரிலிருந்து குடியேறியவர்கள் காட்டைத் திருத்திச் சிறு சிறு தோட்டங்களாக்கினார்கள். தோட்டத்துக்குள்ளேயே வீடு, வீட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த வீடு.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ரோபஸ்டா பழுத்தாலும் அரபிகாபோல உடனே உதிராது, கொஞ்சம் பொறுக்கும். ஆனால் காப்பியைப் பூக்கவைக்கும் பூமழைக்கு முன் பறித்து முடித்தாக வேண்டும். தாமதித்தால் பழத்தை உருவும்போது அடுத்த ஆண்டின் மொட்டும் சேர்ந்து போய்விடும். சென்ற தை மாதம் பக்கத்து வீட்டுச் சேச்சி எங்கள் தோட்டத்தில் பறித்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். செடியடியில் தார்ப்பாயை விரித்து, கிளையை ஒரு கையால் வளைத்து, மறு கையின் விரல்களால் கணுக்கணுவாகத் திருகினார். பழங்கள் சடசடவென விழுந்தன, மொட்டு ஒன்றுகூட விழவில்லை. முசுறு எறும்புகள் கூட்டமாக ஏறிக் கடித்தபோதும் கை நிற்கவில்லை. அவசரக் கூலிக்கு வந்துபோகும் கைகளிடம் அந்தப் பக்குவத்தை நான் பார்க்கவில்லை.

ஆனால் வயநாட்டில் ஆள் கொட்டிக் கிடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். பணியர் என்ற பழங்குடியினரின் குடியிருப்புகளிலிருந்து ஜீப்புகளில் ஏறிக் குடகுத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்த நிலம் கிடையாது. இங்கேயே நல்ல கூலி கொடுத்தால் அவர்கள் ஏன் எல்லை தாண்ட வேண்டும்? நான் கண்டது இரண்டு அறுவடைதான், அதுவும் ஒன்றரை ஏக்கரில். ஐம்பது ஏக்கர் வாங்குகிறவருக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம்.

எந்த மலையானாலும் நிலம் பார்க்கப் பிப்ரவரிக் கடைசியில் போங்கள். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் பழம் களத்தில் காய்கிறதா, ஆளில்லாமல் செடியிலேயே கறுத்துத் தொங்குகிறதா என்று நடந்து பாருங்கள். விலை பேசுவது அதற்குப் பிறகு.