அம்மாப்பேட்டையில் தலைவலிக்கு ஒரு டோக்கன்

லண்டனிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் நல்ல செய்தி. சேலத்தில் குடும்ப மருத்துவரைப் பார்க்க நாள் குறித்துக் காத்திருக்க வேண்டியதில்லை. அம்மாப்பேட்டையில் அண்ணிக்காக மாலையில் டோக்கன் வாங்கினோம், இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தோம். குறை என்னவென்றால், அடுத்த டோக்கன்காரரும் உள்ளேயே ஸ்டூலில் உட்கார்ந்து கதை கேட்கிறார். மாதவிலக்கை ஒட்டி வலி வருகிறதா என்று டாக்டர் கேட்டபோது அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஒரு திரைச்சீலை போட என்ன செலவாகிவிடும்?

அண்ணியின் தலைவலிக்கு எங்கள் வீட்டில் வைத்த பெயர் ‘சைனஸ்’. ஒற்றைத் தலைவலியிலும் மூக்கடைப்பும் கண்ணீரும் வருவதுண்டு என்பதால் பல வீடுகளில் இதே கதைதான். தைலம், சுக்குப் பற்று எல்லாம் பார்த்தாயிற்று.

அண்ணன் ஸ்கேன் எடுக்கும் முடிவோடு வந்திருந்தார். “எதைத் தேடுவதற்கு?” என்றார் டாக்டர். பிறகு அண்ணியிடம் திரும்பினார். மாத்திரை போடாவிட்டால் எத்தனை மணி நேரம் இருக்கும்? ஒரு பக்கமா? விண்விண்ணென்று தெறிக்கிறதா? மாடி ஏறினால் கூடுகிறதா? குமட்டுகிறதா? வெளிச்சமும் சத்தமும் எப்படி?

“பக்கத்து வீட்டுத் தறி என் மண்டைக்குள்ளேயே ஓடுகிற மாதிரி இருக்கும் டாக்டர்.”

“குகைப் பகுதியில் குடியிருந்தபோது உங்கள் அம்மாவும் இப்படித்தான் இருட்டறையில் படுத்துக்கிடப்பார்” என்றார் டாக்டர். இந்த ஒரு வரி எந்த ஸ்கேனிலும் வராது.

அவர் கேட்டவை மனம்போன கேள்விகள் அல்ல. ஒற்றைத் தலைவலிக்கு சர்வதேசத் தலைவலிச் சங்கம் 2018இல் வெளியிட்ட வரையறையும் இவற்றைத்தான் கேட்கிறது: குறைந்தது 5 முறை வந்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் 4 முதல் 72 மணி நேரம் நீடிக்க வேண்டும், ஒரு பக்கம், துடிப்பு, மிதமான அல்லது கடுமையான வலி, நடமாடினால் கூடுவது ஆகிய நான்கில் இரண்டு, அதோடு குமட்டல், அல்லது வெளிச்சமும் சத்தமும் ஒருசேர ஆகாமை.

ஆபத்து அடையாளங்களையும் அவர் விடவில்லை. இரத்த அழுத்தம் பார்த்தார், கருவியால் விழியின் உட்புறத்தைப் பார்த்தார், கழுத்தை மடக்கி, கைகளை நீட்டச் சொன்னார். இடி விழுந்தாற்போல் நொடியில் உச்சத்துக்கு ஏறும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வலி என்றால் ஸ்கேனுக்கு அவரே அனுப்புவாராம்.

அண்ணி கைப்பையிலிருந்து எடுத்துவைத்த பாதி காலியான மாத்திரை அட்டைகளைப் பார்த்ததும்தான் அவர் முகம் மாறியது. சாதாரண வலி மாத்திரையையே மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ போட்டு, அது மூன்று மாதம் தாண்டினால், மாத்திரையே தலைவலியை வளர்க்குமாம். மருந்துக்கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. இப்போது காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் வலி வந்த நாளும் மாத்திரை போட்ட நாளும் ஏறுகின்றன.

கிளினிக்கில் நோயாளியின் கோப்பு எதுவும் கிடையாது, கையில் தரும் சீட்டுதான் பதிவேடு. வெளியே வந்ததும் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் மட்டும் இன்னும் ஸ்கேன் சென்டரில் கட்டணம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.