குவில்ட்டைத் தைக்கக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நாங்கள் கோவையில் பன்னிரண்டு பெண்கள். ஆறு வருடமாகச் சேர்ந்து குவில்ட் தைக்கிறோம், அதாவது துணித் துண்டுகளை இணைத்து அடுக்காகத் தைக்கும் போர்வை. வருடத்துக்கு ஒரு சவால் வைத்துக்கொள்வோம். ஒரே விதி, ஒரே அளவு, ஆளுக்கு ஒரு பிளாக், அதாவது ஒரு சதுரத் துண்டு. கடைசியில் எல்லாவற்றையும் ஒரே போர்வையாக இணைத்து யாருக்காவது பரிசாகக் கொடுப்போம். இந்த வருடப் போர்வை எங்கள் டீச்சருக்கு. எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர். ஆபரேஷன் முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ ஆரம்பமாக இருந்தது. கீமோ ஏற்றும் ஹாலில் ஏசி குளிர் எலும்பு வரைக்கும் போகும், நாலைந்து மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவர் மகள் சொன்னாள். உடம்பு திடீரென்று வியர்க்கவும் செய்யும் என்பதால் போர்வை முழுக்கப் பருத்தியாக இருக்க வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்தோம்.

எடுத்துக்கொண்டது லாக் கேபின் என்ற டிசைன். நடுவில் ஒரு சின்னச் சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைத் துணி. நடுச்சதுரத்தைச் சிவப்பில் வைப்பது பழைய வழக்கம். அது வீட்டின் அடுப்பைக் குறிக்கும் என்பார்கள். டீச்சரின் மகள் அவருக்குத் தெரியாமல் ஒரு பழைய சிவப்புச் சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலையை எடுத்து வந்தாள். முந்தானைப் பக்கம் நைந்திருந்தாலும் உடல் பகுதி நன்றாக இருந்தது. தண்ணீர் தெளியும் வரை மூன்று தடவை ஊறவைத்து அலசி, பின்னால் மல் துணி கொடுத்து, பன்னிரண்டு சதுரம் வெட்டினோம். சுற்றிவரும் பட்டைகள் அவரவர் வீட்டுச் சேலையிலிருந்து. என்னுடையது என் அம்மாவின் பாட்டில் பச்சை. இன்னொருத்தி தன் மாமியார் கடைசியாகக் கட்டிய நூல்சேலையைக் கொண்டுவந்தாள். இவ்வளவும் ஏன் எழுதுகிறேன் என்றால், இந்தத் துணி எதையும் திரும்ப வாங்க முடியாது.

பிளாக் தைத்தபின் 12 அங்குலம். இடையில் 2 அங்குலப் பட்டை, சுற்றிலும் 4 அங்குல வெள்ளைக் கரை. மொத்தம் 48-க்கு 62. கீழ்க்கரையில் ஓரத்திலிருந்து ஒரு அங்குலம் தள்ளி எங்கள் பன்னிரண்டு பேரும் அவரவர் பெயரைக் கையால் தைத்தோம்.

மேல்துணி தயார். நடுவில் பேட்டிங் என்கிற பஞ்சு விரிப்பை வைத்து, அடித்துணியோடு சேர்த்து மூன்று அடுக்கையும் தைக்க வேண்டும். கையால் தைத்தால் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். இரண்டாவது கீமோவுக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், பெரிய மெஷினில் தைத்துத் தருவதாக விளம்பரம் செய்த வெளியூர் ஆளிடம் கொடுத்தோம். விளம்பரப் பக்கம் முழுக்க அழகான குவில்ட் படங்கள். 100 சதவீதப் பருத்தி பேட்டிங்குக்கு 1,850, தையலுக்கு 3,700, கூரியருக்கு 450, ஆக 6,000 ரூபாய். மொத்தத்தையும் முன்கூட்டியே போனில் அனுப்பினேன். பன்னிரண்டு நாளில் வரும் என்றார்கள். வந்தது முப்பத்தெட்டாம் நாள். அதற்குள் டீச்சருக்கு இரண்டாவது சுற்று முடிந்துவிட்டது.

பொட்டலத்தைப் பிரித்ததும் கை சொல்லிவிட்டது. பருத்தி பேட்டிங் தட்டையாக, கொஞ்சம் கனமாகப் படியும். இது ரயில் தலையணை மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. அம்மாவின் பச்சைச் சேலைமேல் வெள்ளை வெள்ளையாக மயிர் நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கிற மட்டமான இழை துணியைத் துளைத்து வெளியே வருகிறது. ஒரு மூலையில் நாலு தையலைப் பிரித்து ஒரு சிட்டிகை எடுத்தேன். இடுக்கியில் பிடித்து, பழைய சாம்பிராணிக் கரண்டிமேல் வைத்துத் தீக்குச்சி காட்டினேன். பருத்தியாக இருந்தால் காகிதம் கருகும் வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலாகும். இது நெருப்பைக் கண்டதும் சுருண்டு, கறுப்புப் புகை விட்டு, உருகிச் சொட்டியது. ஆறியபின் பார்த்தால் மிளகு போலக் கெட்டியான கறுப்பு மணி. விரலால் நசுக்க முடியவில்லை. முழு பாலியஸ்டர்.

அதற்குப் பிறகுதான் கீழ்க்கரையைப் பார்த்தேன். மெஷினின் சட்டத்தில் துணியைக் கோணலாக மாட்டித் தைத்திருக்கிறார்கள். கோணலை மறைக்கக் கீழ்ப்பக்கத்தைச் சாய்வாக வெட்டி, மேலே பைண்டிங், அதாவது ஓரத்தை மூடும் பட்டையை, ஓட்டிவிட்டார்கள். கரை இடதுபுறம் 4 அங்குலம், வலதுபுறம் ஒன்றரை. ஐந்து பெயர் முழுசாக இருந்தது. ஆறாவது என் பெயர். எழுத்துகளின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. அதற்கப்பால் வெறும் வெள்ளை. ஆறு பேருடைய பெயர் அந்தக் கடையின் குப்பைக்குப் போய்விட்டது.

போன் செய்தேன். “மேடம், கைவேலைன்னா அப்படி இப்படித்தான் இருக்கும்” என்றார். தைத்தது மெஷின். பேட்டிங்கைக் கேட்டதற்கு, “எய்ட்டி-ட்வென்ட்டி போட்டிருக்கோம்” என்றார். 80 சதவீதம் பருத்தி, 20 சதவீதம் பாலியஸ்டர் கலந்த பேட்டிங் சந்தையில் உண்டு, நல்ல சரக்குதான். ஆனால் அதை எரித்தால் சாம்பல் மிஞ்சும். இதில் துளி சாம்பல் இல்லை. வெட்டியதைக் கேட்டபோது, “நீங்க அனுப்பினதே கோணல்” என்றார். அனுப்புவதற்கு முன் நாலு பக்கமும் டேப் வைத்துப் படம் எடுத்திருந்தேன். அவற்றை அனுப்பியதும் என் எண்ணைத் தடுத்துவிட்டார். அன்று இரவு உட்கார்ந்து அந்தப் பக்கத்துப் படங்களைக் கூகுளில் தேடினேன். நான் மயங்கிய மூன்று குவில்ட்டும் வெளிநாட்டுப் பெண்கள் தைத்தவை.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். இரண்டு வாரத்தில் பேட்டிங் காசு 1,850 மட்டும் திரும்ப வந்தது. மிச்சத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுகிறேன். கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சின்னத் தொகைதானே என்று விடாதீர்கள், அந்த நினைப்பை நம்பித்தான் இவர்கள் தொழில் நடக்கிறது.

தைக்கக் கொடுக்கப் போகிறவர்களுக்கு: பேட்டிங்கை நீங்களே வாங்கி, ஒரு துண்டு எரித்துப் பார்த்து, ஒரு மூலையில் மையால் அடையாளம் போட்டு அனுப்புங்கள். அதே ரோலில் ஒரு கையகலம் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அடித்துணி நாலு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். “ஓரத்தை வெட்டக் கூடாது, பைண்டிங் நாங்கள் போட்டுக்கொள்கிறோம்” என்று எழுத்தில் அனுப்பி, சரி என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். சட்டத்தில் மாட்டியதும் வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். பாதிப் பணம் கையில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பக் கிடைக்காத துணியை முதல் தடவையே ஒருவரிடம் கொடுக்காதீர்கள். ஒரு சின்ன மெத்தை விரிப்பு தைக்கக் கொடுத்து, அது எப்படி வருகிறது என்று பாருங்கள். இதை நான் செய்யவில்லை. என் ஒருத்தியின் அவசரத்துக்குப் பதினொரு பேரின் சேலை விலை கொடுத்தது.

அதன் பிறகு சாயங்காலம்தோறும் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பிரித்தோம். அடிப்பக்கம் நாலாவது தையலுக்கு ஒரு தையல் வெட்டி, மேல்பக்கம் நூலை இழுத்தால் துணிக்கு அதிகம் வலிக்காது. அப்படியும் இரண்டு பட்டை கிழிந்தது. அதில் ஒன்று அந்த மாமியார் சேலை. அவள் ஒன்றும் சொல்லவில்லை, கிழிந்த இடத்தில் அடியில் மல் வைத்து இழையோட்டினாள். பேட்டிங்குக்குப் பதில், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன எட்டு முழ வேட்டி ஒன்றை இரண்டாக மடித்து உள்ளே வைத்தோம். மூன்று அடுக்கையும் சேர்த்துக் கையால் ஓடுதையல். பழம்புடவையை மடித்துப் பிள்ளைக்கு விரிப்பு தைத்த எங்கள் பாட்டிகள் போட்ட அதே தையல்.

கீழ்க்கரைக்குப் புதுத் துணி போட்டாயிற்று. பெயர் தப்பியிருந்த ஐந்து பேரும் எங்களோடு சேர்ந்து மறுபடி தைக்கிறார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை டீச்சருக்கு நாலாவது சுற்று. ஒன்பது பெயர் முடிந்திருக்கிறது.