ஒளிரும் ஐஜிஜி4 ஆன்டிபாடி: மூன்று மாத அனுபவம்

நாகர்கோவிலில் எங்கள் சின்ன ஆய்வகத்துக்கு ஹெச்பி6025 குளோனை வாங்கினோம். ஐஜிஜி என்பது ரத்தத்தில் உள்ள ஒரு வகை ஆன்டிபாடி (நோய் எதிர்ப்புப் புரதம்), ஐஜிஜி4 அதன் ஒரு துணைவகை. மனித ஐஜிஜி4-ஐப் பிடிக்கும் சுண்டெலி மோனோகுளோனல் (ஒரே செல் வம்சத்திலிருந்து வரும்) ஆன்டிபாடி இது; பச்சையாக ஒளிரும் எஃப்ஐடிசி சாயம் ஒட்டியது. யானைக்கால் புழு தொற்றினால் ரத்தத்தில் அந்தப் புழுவுக்கு எதிரான ஐஜிஜி4 ஏறும். அதை அளப்பதுதான் எங்கள் வேலையே. ஆனால் ஐஜிஜியின் நான்கு துணைவகைகளும் 90 சதவீதத்துக்கு மேல் ஒரே மாதிரி. ஐஜிஜி4 மட்டும் வேண்டுமென்றால் இப்படி ஒரே இடத்தைக் குறிவைக்கும் ஆன்டிபாடிதான் வழி.

முதல் பார்சல் சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. ஐஸ் பேக் எல்லாம் தண்ணீர்! விற்பனையாளரிடம் மூன்று தடவை போனில் மல்லுக்கட்டி வேறு குப்பி வாங்கினேன்.

சரி, பொருள் எப்படி? நான்கு துணைவகைகளையும் தனித்தனி நுண்மணிகளில் (கண்ணுக்குத் தெரியாத சின்ன உருண்டைகள்) பூசிச் சோதித்தோம். ஐஜிஜி4 மணி மட்டும் பளிச்சென்றது, மற்ற மூன்றும் வெறும் மணியைத் தாண்டவில்லை. இதற்கே முழு மதிப்பெண் கொடுக்கலாம். கம்பெனி சொன்ன நீர்ப்பில் பாதி அடர்த்தியே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

குறை சாயத்தில்தான். எஃப்ஐடிசி வெளிச்சத்தில் சீக்கிரம் மங்கும், அமிலத்தன்மை கூடினாலும் ஒளி குறையும். மணிகளின் ஒளியை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவிக்கு நாங்கள் திருவனந்தபுரம் போக வேண்டும். அலுமினியத் தாளில் சுற்றிய குழாய்களை மடியில் வைத்துக்கொண்டு களியக்காவிளை நெரிசலில் உட்கார்ந்திருப்பது தனி வேதனை. அடுத்த தடவை பிஇ என்ற வேறு ஒளிரும் சாயம் ஒட்டியதை வாங்குவேன். ஒளி அதிகம், ஆனால் ஃப்ரீசரில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.