மணலுக்கும் கணவாய்க்கும் ஒரே பைக்: தனியாக ஓட்டுபவருக்கு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

இங்கே பேசப்படுவது 400 சிசி வகை ஒற்றைச் சிலிண்டர் பைக். முன்னால் 21 அங்குலம், பின்னால் 17 அங்குலம் ஸ்போக்ஸ் சக்கரம், டியூப் டயர், 15 லிட்டர் டேங்க், பெட்ரோலோடு சேர்த்து ஏறக்குறைய 200 கிலோ. நெடுநாள் மணலிலும் மலையிலும் ஓட்டிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும்: இந்த வகை பைக்கில் இன்ஜின் அவ்வளவு எளிதில் கைவிடாது. நடுவழியில் நிற்க வைப்பதெல்லாம் சில்லறைச் சாமான்கள்தான். டியூப், செயின், ஏர் ஃபில்டர், கிளட்ச் கேபிள், அதிர்ந்து கழன்றுபோன ஒரு 6 மி.மீ. போல்ட். கூட நாலு பேர் இருந்தால் இவை அரை மணி நேரத் தாமதம். தனி ஆளுக்கு ஒரு பகல் போய்விடும். தண்ணீர் குறைவாக இருந்தால் ஆபத்தும்கூட. அதனால் ஒவ்வொரு பாகத்தையும் ஒரே கேள்வி கேட்டே எடை போட்டிருக்கிறோம்: கையிலிருக்கும் ஸ்பேனர்களை வைத்து இதை ஒருவரே சரிசெய்துவிட முடியுமா?

முதல் சோதனை எடை. 200 கிலோ பைக்கில் 20 கிலோ மூட்டை ஏற்றினால் ஒருவர் தூக்கி நிறுத்தலாம். 40 கிலோ ஏற்றினால் முதல் தடவை தூக்கலாம், மூன்றாம் தடவை முடியாது. அலுமினியப் பெட்டிகள் பார்க்க உறுதியாக இருக்கும். ஆனால் மணலில் கால் ஊன்றும்போது பெட்டிக்கும் தரைக்கும் நடுவே கெண்டைக்கால் மாட்டிக்கொள்ளும், எலும்பே முறியலாம். துணிப் பைகளே சரி. கனமான கருவிகளைக் கீழேயும் முன்னாலேயும் கட்டுங்கள். பின் ரேக்கில் ஏற்றினால் முன்சக்கரம் மணலில் இலேசாகி அலைபாயும்.

விழுந்த பைக்கைத் தூக்க முறை உண்டு. இன்ஜினை நிறுத்தி, கியரில் போடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே விரித்து வையுங்கள், இல்லையேல் நிமிர்ந்த வேகத்தில் இடப்பக்கம் சாய்ந்துவிடும். ஹேண்டில்பாரை ஒரு பக்கமாக முழுதும் திருப்பி, சீட்டுக்கு முதுகைக் கொடுத்து, கால் பலத்தில் எழும்புங்கள். சரிவில் சக்கரங்கள் மேட்டுப் பக்கம் பார்த்துக் கிடந்தால் அப்படியே தூக்க முயல வேண்டாம். தரையிலேயே சுழற்றிச் சக்கரத்தைப் பள்ளத்துப் பக்கம் கொண்டுவந்த பிறகு தூக்குங்கள். பின்சக்கரம் மணலில் புதைந்து ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) வரை இறங்கிவிட்டால் ஆக்ஸிலேட்டரை முறுக்குவது பள்ளத்தை ஆழமாக்கும், கிளட்சையும் கருக்கும். பைக்கைப் பக்கவாட்டில் படுக்கப் போட்டு, சக்கரம் தோண்டிய குழியை மணலால் மூடி, மிதித்து இறுக்கி, பிறகு நிமிர்த்தினால் பைக் மேட்டில் நிற்கும்.

இனி டயர். இந்தப் பயணத்தில் அதிகம் கவனிக்க வேண்டியதும் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் காற்றழுத்தம்தான். சுமையோடு தார்ச்சாலையில் முன் 25, பின் 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு). சரளையில் முன் 22, பின் 25. ஆழ மணலில் 15 முதல் 18 வரை. பதினைந்துக்குக் கீழே போனால் டயர் ரிம்மில் பிடிப்பிழந்து வழுக்கும். கூடவே டியூபையும் இழுத்துப்போய் வால்வை அடியோடு கிழிக்கும். அப்படிக் கிழிந்த டியூபுக்கு ஒட்டுப் போட முடியாது. இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வால்வுத் தண்டில் வரும் சிறிய நட்டை ரிம்மோடு இறுக்காமல், மேலே ஏற்றி வால்வு மூடியோடு ஒட்டி வையுங்கள். தினமும் காலையில் ஒரு பார்வை பாருங்கள்: தண்டு நேராக நின்றால் நல்லது. சாய்ந்து நின்றால் டயர் நகர்ந்திருக்கிறது. காற்றை இறக்கி, டயரைத் தளர்த்தித் திரும்ப நேராக்க வேண்டும். நட்டை ரிம்மோடு இறுக்கிவிட்டால் இந்த எச்சரிக்கை கிடைக்காது, நேரே கிழிசல்தான்.

மணலுக்காக இறக்கிய காற்றைத் திரும்ப ஏற்றாமல் கல் பாதையில் போவது பஞ்சருக்கு முதல் காரணம். ரிம் கல்லில் மோதி டியூபை நசுக்கும்போது பக்கம் பக்கமாக இரண்டு துளைகள் விழும். ஒன்றுக்கு மட்டும் ஒட்டுப் போட்டு மூடினால் மறுபடி பிரிக்க வேண்டிவரும். ஆகவே ஒரு துளை கண்டதும் அதன் எதிர்ப்பக்கத்தையும் தடவிப் பாருங்கள்.

உயரம் ஏறும்போது காற்றழுத்தமானி காட்டும் எண் மாறுவதையும் புரிந்துகொள்ள வேண்டும். கடல்மட்டத்தில் 35 டிகிரி வெயிலில் 20 பிஎஸ்ஐ வைத்த டயர், வெப்பம் மாறாமல் 5,000 மீட்டருக்குப் போனால் ஏறக்குறைய 27 காட்டும். வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐயிலிருந்து 8க்குச் சற்றுக் கீழே இறங்கிவிடுவதே காரணம். ஆனால் மேலே குளிர் 5 டிகிரி என்றால் உள்ளே காற்று சுருங்கி 23, 24 அளவில் நிற்கும். கணவாய் உச்சியில் பார்த்துச் சரிசெய்த டயர் அடிவாரம் வந்ததும் தளர்ந்து தெரிவதும் இதே கணக்கு. எனவே ஏறி இறங்கிய பிறகு, டயர் ஆறிய நிலையில், மறுபடி பாருங்கள்.

டியூப் மாற்ற மூன்று லீவர், சோப்புத் தண்ணீர், சிறு பம்ப் போதும். 21 அங்குல டியூப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்குப் பின்சக்கரத்திலும் மடிப்பில்லாமல் திணித்து ஊர் போய்ச் சேரலாம். 17 அங்குல டியூபை முன்னால் போட முடியாது. டயர் ஓரத்தை ரிம்மிலிருந்து பிரிப்பதுதான் தனி ஆளுக்குக் கடினம். கிளாம்ப் ஒன்று இருந்தால் வேலை பாதி. புது டியூபில் உருண்டை வடிவம் வரும் அளவுக்குக் கொஞ்சம் காற்று ஏற்றிவிட்டு நுழைத்தால் லீவர் கடிக்காது. கடைசி ஒரு சாண் நீளம் ஏற மறுத்தால் லீவரை அழுத்தாதீர்கள். எதிர்ப்பக்க ஓரத்தை முழங்காலால் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளினால் இந்தப் பக்கம் தானாகத் தளரும். பலத்தால் ஏற்றியவர்கள்தான் புது டியூபைக் கிழிப்பார்கள்.

செயினுக்கு வருவோம். ஓ-ரிங் எனும் ரப்பர் வளையங்கள் கொண்ட செயினின் உள்ளே கிரீஸ் அடைத்தே வருகிறது. வெளியே நாம் போடும் எண்ணெய் ரிங் காயாமலும் உருளைகள் துருப்பிடிக்காமலும் இருக்க மட்டுமே. மணலில் ஈரமான ஸ்பிரே அடித்தால் மணல் ஒட்டி உப்புத்தாள் போல ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரத்தை) தேய்க்கும். மணல் நாட்களில் துணியால் துடைத்து ஏறக்குறைய உலர்வாகவே ஓட்டுங்கள். மலையில் மழை, ஆற்று நீர் பட்ட மாலை 80டபிள்யூ-90 கியர் ஆயிலை மெல்லத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். தளர்ச்சியை ஒரே இடத்தில் பார்த்தால் ஏமாற்றும். சக்கரத்தைச் சுழற்றி மிக இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து அங்கே அளக்க வேண்டும். பெரும்பாலான பைக்குகளுக்கு 30 முதல் 40 மி.மீ.; உங்கள் கையேடு சொல்வதே முடிவு. தளர்ச்சி கொஞ்சம் கூடினால் சத்தம் வரும், அவ்வளவுதான். இறுக்கம் கூடினால் குழியில் சஸ்பென்ஷன் அமுங்கும்போது கியர்பாக்ஸ் வெளித்தண்டின் பேரிங்கே போகும். தேய்மானம் பார்க்க, பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்நடுவில் செயினைப் பிடித்து இழுங்கள்: பல் பாதி வெளியே தெரிந்தால் பயணத்துக்கு முன்பே செயினும் இரு ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்து மாற்றிவிடுங்கள். மாற்று இணைப்பாக ஒரு கிளிப் லிங்க் இருக்கட்டும். கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

ஏர் ஃபில்டரில் எண்ணெய் தடவிய ஸ்பாஞ்ச் வகையே பாலைக்கு ஏற்றது. காகித வகையைத் தட்டிவிடலாம், கழுவ முடியாது. அழுத்தக் காற்றை வெளியிலிருந்து உள்நோக்கி அடித்தால் தூசி இழைக்குள் இன்னும் ஆழமாகப் போகும். ஸ்பாஞ்ச் இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள். ஃபில்டர் உட்காரும் விளிம்பில் மெல்லிய கிரீஸ் பூச்சு அவசியம், ஏனென்றால் பெரும்பாலான தூசி ஃபில்டர் வழியாக வராது, விளிம்பு வழியாகத்தான் நுழையும். கழற்றும்போதெல்லாம் ஃபில்டருக்கு அப்பால் இன்ஜினுக்குப் போகும் குழாயின் உள்சுவரை விரலால் தடவுங்கள். விரல் சுத்தமாக வந்தால் நிம்மதி. மாவு போல ஒட்டினால் அந்தத் தூசி பிஸ்டன் ரிங்கைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது. எண்ணெய் குறைவதும் புகைவதும் அடுத்து வரும்.

உயரத்தில் சக்தி குறைவதைப் பழுது என்று நினைத்துப் பலர் பைக்கைப் பிரிக்கிறார்கள். 5,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். இன்ஜினும் அந்த அளவே தரும். ஃபியூவல் இன்ஜெக்ஷன் கலவையைத் திருத்தும், இல்லாத காற்றைக் கொண்டுவராது. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் மிகுந்து கரும்புகையும் கறுத்த பிளக்கும் வரும். ஒரு அளவு சிறிய மெயின் ஜெட் (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் துளைத் திருகு) வேண்டும். முன் ஸ்ப்ராக்கெட்டில் 15க்குப் பதில் 14 பல் போட்டால் கியர் 7 சதவீதம் இலகுவாகும். செங்குத்து வளைவில் கிளட்சை அரைத்து ஏற்றுவதைவிட இது எவ்வளவோ மேல். கருகும் வாடை வந்தால் பத்து நிமிடம் நிறுத்தி ஆறவிடுங்கள்.

பெட்ரோல் கணக்கில் தார்ச்சாலை மைலேஜை நம்ப வேண்டாம். 28 கி.மீ. தரும் வண்டி மணலில் 20 தரும். 15 லிட்டருக்கு 420 கி.மீ. என்பது 300 ஆகிவிடும். மணாலி - லே வழியில் தாண்டியில் இருந்த ‘அடுத்த பங்க் 365 கி.மீ.’ என்ற பலகை பெயர்பெற்றது. அப்படிப்பட்ட தூரத்துக்குக் கூடுதலாக 5 லிட்டர் வேண்டும். கேனை முழுக்க நிரப்பாமல் பத்தில் ஒரு பங்கு இடம் விடுங்கள். உயரத்தில் மூடி திறக்கும்போது ஆவி சீறும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

பனி உருகி வரும் ஆறுகள் விடிகாலையில் வற்றி, பிற்பகலில் பெருகும். மாலையில் வந்து சேர்ந்தால் அன்று இரவு கரையில் தங்கிவிடுவதே சரி. முதலில் நடந்து பாருங்கள். நடந்து கடக்க முடியாததை ஓட்டியும் கடக்க முடியாது. பைக் தண்ணீரில் விழுந்து இன்ஜின் நின்றுவிட்டால் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் நீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அது இருந்த துளை வழியாக நீரெல்லாம் வெளியேறும்வரை இன்ஜினைச் சுற்றுங்கள், ஏர்பாக்ஸை (ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டியை) வடியுங்கள், இன்ஜின் ஆயில் பால்காபி நிறத்தில் இருந்தால் மாற்றாமல் ஓட்டக் கூடாது.

நீண்ட இறக்கத்தில் இரண்டாம் கியரே பிரேக். டாட் 4 வகை பிரேக் திரவம் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் கீழே கொதிக்காது. ஈரம் உறிஞ்சிவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். அப்போது லீவர் பஞ்சு போல அமுங்கும். பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள்.

புது கிளட்ச் கேபிளைப் பழையதன் பக்கத்திலேயே பாதை போட்டு டேப்பால் கட்டி வையுங்கள். அறுந்தால் இரு முனை மாற்றினால் போதும். ரேக் போல்ட்டுகளில் நீல நிறத் திரெட்லாக் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) போட்டு, நட்டுக்கும் பரப்புக்கும் குறுக்கே பெயிண்ட் கோடு இழுங்கள். கோடு உடைந்து தெரிந்தால் கழல்கிறது. ஸ்போக்ஸை ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள்: இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக.

உடம்புக்கும் கணக்கு உண்டு. காற்று 37 டிகிரிக்கு மேல் போனால் வலை ஜாக்கெட் குளிர்விக்காது, காயவைக்கும். உள்ளே நனைத்த பனியன், வெளியே பாதி மூடிய ஜாக்கெட் நல்லது. தண்ணீர் ஒரு நாளுக்கு 6 லிட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து குடித்தால் தலைசுற்றல் வராமல் தாக்குப்பிடிக்கலாம். 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் உயரத்தை இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். தஜிகிஸ்தானில் பாமிர் நெடுஞ்சாலையின் அக்பைத்தால் கணவாய் 4,655 மீட்டர்; அதைப் பகலில் கடந்து கீழே இறங்கி உறங்கலாம், அங்கேயே கூடாரம் போடுவது வேறு விஷயம். தலைவலியோடு தள்ளாட்டமோ, சும்மா இருக்கும்போதே மூச்சுத்திணறலோ வந்தால் காத்திருக்காமல் இறங்க வேண்டும்; தனியாக இருப்பவருக்கு அதைச் சுட்டிக்காட்ட வேறு யாரும் இல்லை.

செயற்கைக்கோள் தகவல் கருவி இந்தப் பயணத்துக்கு மிகவும் தேவையானது. ஆனால் நாட்டுக்கு நாடு சட்டம் மாறுகிறது. இந்தியாவில் அனுமதியின்றி அதை வைத்திருப்பதே குற்றம். எல்லை கடக்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும் வெறும் வாட்டர் வாஷோடு விடாதீர்கள். ஸ்டியரிங் பேரிங், ஸ்விங் ஆர்ம், சக்கர பேரிங் மூன்றையும் பிரித்து கிரீஸ் மாற்றுங்கள். ஆற்று நீரும் நுண்மணலும் சேர்ந்த சேறு அங்கேதான் தங்கியிருக்கும், இரண்டு மாதம் கழித்துத்தான் துருவாகத் தெரியவரும்.