“ஃபோர் வீல் டிரைவ்தானே, தாராளமாகப் போங்க” என்றார். 2,860 டாலர் போய்விட்டது

திங்கட்கிழமை வாடகைக் கார் கம்பெனி என் கிரெடிட் கார்டிலிருந்து 2,860 டாலர் எடுத்துவிட்டது. மூன்று நாளாகத் தூக்கமில்லை. ஆஸ்திரேலியாவின் நடுவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வண்டி எடுத்து கிங்ஸ் கேன்யன் பள்ளத்தாக்குக்குப் போகத் திட்டம் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். புகார் கொடுக்கப் போவதால் பெயர்கள் வேண்டாம். பல கம்பெனி கார்களை ஒரே பக்கத்தில் காட்டி புக்கிங் செய்து தரும் இணையதளம் ஒன்று, விமான நிலையத்தில் வாடகைக் கார் கவுன்டர் ஒன்று. அவ்வளவு தெரிந்தால் போதும்.

ஜூலை பள்ளி விடுமுறை. ஊரிலிருந்து அப்பா மெல்பர்ன் வந்திருந்தார். ஆலிஸிலிருந்து மேற்கே ஹெர்மன்ஸ்பர்க், அங்கிருந்து மெரீனி லூப் என்ற சாலை வழியாக கிங்ஸ் கேன்யன், பிறகு உலுரு பாறை என்று திட்டம். மெரீனி லூப்பில் சுமார் 150 கிலோமீட்டர் மண் சாலை. பழங்குடி மக்களின் நிலத்தின் ஊடாகப் போவதால் பெர்மிட் வேண்டும். மொத்தப் பயணத்திலும் நான் ஒழுங்காகத் தாளில் வாங்கியது அந்தப் பெர்மிட்டை மட்டும்தான்.

கவுன்டரில் கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன். “மெரீனி வழியாகப் போகிறோம், இந்த வண்டிக்கு அனுமதி உண்டா?” அங்கிருந்தவர் ஒரு வரைபடத்தை விரித்து, நீலப் பேனாவால் ஹெர்மன்ஸ்பர்க்கிலிருந்து கேன்யன் வரை கோடு இழுத்தார். “ஃபோர் வீல் டிரைவ்தானே, தாராளமாகப் போங்க. இருட்டுவதற்குள் சேர்ந்துவிடுங்கள், கங்காரு குறுக்கே வரும்” என்றார். கங்காருவைப் பற்றி இவ்வளவு அக்கறையாகச் சொல்கிறவரை எப்படிச் சந்தேகப்படுவது?

அப்பா என் முழங்கையைத் தொட்டு, “தம்பி, அதையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லேன்” என்றார். முப்பது வருடம் தாலுகா ஆபீஸில் இருந்த மனுஷன். “இங்கெல்லாம் அப்படி இல்லப்பா” என்று வியாக்கியானம் பேசினேன்.

சாலை என்றா சொல்வது அதை? தகரக்கூரையைத் தரையில் விரித்தது போல நெளிநெளியாக இருந்தது. எதிரே வந்த வண்டி தெறித்த கல் முன் கண்ணாடியில் பட்டு, ஐம்பது சென்ட் காசு அளவுக்கு வெடித்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் ஒரு டயரின் பக்கவாட்டில் கீறல். ஸ்டெப்னி மாட்டி, போன் சிக்னல் இல்லாத அந்தச் செம்மண்ணில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம்.

கேன்யனைக் குறை சொல்ல மாட்டேன். விளிம்பு நடை 6 கிலோமீட்டர். தொடக்கத்திலேயே ஏறத்தாழ 500 படி. மேலே போனால் நூறு மீட்டருக்கும் மேல் செங்குத்தாக இறங்கும் சிவந்த பாறைச் சுவர். நடுவில் ‘ஏதேன் தோட்டம்’ என்று பெயர் வைத்திருக்கும் நீர்நிலை. அப்பா கீழே ஓடைப் பாதையில் நடந்தார். சரி, அதற்கா இப்போது 2,860 டாலர்!

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது கவுன்டரில் வேறொரு பெண். டார்ச் அடித்து வண்டிக்கு அடியில் பார்த்து, விரலால் செம்மண்ணைத் தடவிக் காட்டினார். எழுத்துமூல அனுமதி இல்லாமல் மண் சாலையில் போகக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். கண்ணாடி, இரண்டு டயர், அடிப்பாகம் கழுவும் செலவு எல்லாம் சேர்த்து 2,860 டாலர். ஒரு டயர்தானே போனது என்றால், ஜோடியாகத்தான் மாற்றுவார்களாம். செம்மண் பூமியில் செம்மண் ஒட்டியதற்கும் கட்டணம்!

நீலக் கோட்டைக் காட்டினேன். “அது வழி காட்டியது சார், அனுமதி இல்லை.” கோடு போட்டவர் லீவில் இருக்கிறாராம்.

இணையதளத்தில் ஒரு நாளைக்கு 19 டாலர் கொடுத்து ‘முழுப் பாதுகாப்பு’ வாங்கியிருந்தேனே என்று அங்கே போனேன். ஒப்பந்தத்தை மீறியதால் காப்பீடு செல்லாது, கார் கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். கார் கம்பெனியோ, அந்தக் காப்பீட்டுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை, இணையதளத்தைக் கேளுங்கள் என்றது. நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு லைனைத் துண்டித்தார்கள். சாட்டில், “உங்கள் ஏமாற்றம் எங்களுக்குப் புரிகிறது” என்று ஒரே வரி நான்கு முறை வந்தது.

எச்சரிக்கை என்று நிறைய எழுத நினைத்தேன், இப்போது பொறுமையில்லை. மண் சாலை அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், சாலையின் பெயரோடு. எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் வண்டியை டயர், அடிப்பாகம் விடாமல் வீடியோ எடுங்கள். இருட்டியபின் விலங்கு மோதினால் காப்பீடு உண்டா என்று பாருங்கள். எழுத்தில் அனுமதி கிடைக்காவிட்டால் ஸ்டூவர்ட், லாசிட்டர் நெடுஞ்சாலைகளில் போய் லுரிச்சா சாலை பிடியுங்கள். கிட்டத்தட்ட 470 கிலோமீட்டர் சுற்று, ஆனால் முழுக்கத் தார்.

அப்பாவிடம் 300 டாலர் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அதையே ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.