கொடைக்கானல் வானத்துக்கு ஸ்டார் அட்வென்ச்சரர் 2ஐ: எதுவரை தாங்கும், எங்கே இழுக்கும்

ஸ்கை-வாட்சர் ஸ்டார் அட்வென்ச்சரர் 2ஐ டிராக்கரை (வானம் சுழலும் வேகத்தில் கேமராவைத் திருப்பும் கருவி) 135 மி.மீ. லென்ஸ் வரை தாராளமாக நம்பலாம். 200 மி.மீ. என்றால் கைடிங் (இன்னொரு சிறு கேமரா நட்சத்திரத்தைப் பார்த்து டிராக்கரைத் திருத்துவது) வேண்டும். 300க்கு இதை வாங்காதீர்கள். 5 கிலோ தாங்கும் என்பது எடைக் கணக்கு மட்டுமே.

நட்சத்திரம் கோடாக இழுத்தால் உடனே மோட்டார்மேல் பழி போடுகிறோம். பழனி மலையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது போலார் அலைன்மென்ட்டைத்தான், அதாவது டிராக்கரின் அச்சை வானத்தின் வட துருவத்தை நோக்கி வைப்பதை. கொடைக்கானலின் அட்சரேகை 10.2 பாகை. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அந்த ஒரு முஷ்டி உயரத்தில்தான் துருவ நட்சத்திரம் நிற்கும். அதுவும் நேர் வடக்கே பழனிக்கு மேலே, சமவெளியின் விளக்கொளியும் தூசும் கலந்த பகுதியில். பல இரவுகளில் அது கண்ணுக்கே தெரியாது.

அச்சு 10 ஆர்க் நிமிடம் (ஒரு பாகையில் 60 ஆர்க் நிமிடம், ஓர் ஆர்க் நிமிடத்தில் 60 ஆர்க் செகண்ட்) விலகியிருந்தால் நட்சத்திரம் நிமிடத்துக்கு அதிகபட்சம் 2.6 ஆர்க் செகண்ட் நகரும். 3.9 மைக்ரான் பிக்சல் கேமராவில் 135 மி.மீ. லென்ஸுக்கு ஒரு பிக்சல் என்பது சுமார் 6 ஆர்க் செகண்ட். இரண்டு நிமிட எக்ஸ்போஷரில் பிழை ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும். 300 மி.மீ.யில் அதே பிழை இரண்டு பிக்சல், வட்டம் முட்டையாகிவிடும்.

அச்சுக்குள் இருக்கும் சிறு தொலைநோக்கியான போலார் ஸ்கோப்பைப் பகலிலேயே சரிபாருங்கள். எதிர் மலையிலுள்ள செல்போன் டவர் உச்சியைக் குறுக்குக்கோட்டின் நடுவில் வைத்து, ஆர்.ஏ. அச்சை (டிராக்கர் சுழலும் அச்சு) 180 பாகை திருப்புங்கள். உச்சி நடுவை விட்டு விலகினால், விலகிய தூரத்தில் பாதியை ஸ்கோப்பைச் சுற்றியுள்ள சின்னத் திருகுகளாலும், மீதியை வெட்ஜாலும் (டிராக்கரைச் சாய்த்துத் தாங்கும் அடித்தளம்) சரிசெய்யுங்கள். இரவில் அலைன்மென்ட் முடித்து வெட்ஜை இறுக்கும்போது சட்டம் லேசாக அசையும். அதனால் இறுக்கியபின் மறுபடி ஸ்கோப்பில் பார்க்காமல் படம் எடுக்கத் தொடங்காதீர்கள். கேமரா, எடை எல்லாம் ஏற்றியபின் இன்னொரு தடவை.

துருவ நட்சத்திரம் மறைந்திருந்தால் டிரிஃப்ட் முறைதான்: ஒரு நட்சத்திரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து அச்சைத் திருத்துவது. ஜனவரி இரவில் ஓரியன் இடைவாரின் மின்டகா நட்சத்திரம், வடக்கு-தெற்காகத் தலைக்கு மேலே செல்லும் உச்சிக்கோட்டருகே வரும்போது கவனியுங்கள். அது வடக்கே நகர்ந்தால் அச்சு மேற்கே விலகியிருக்கிறது. தெற்கே நகர்ந்தால் கிழக்கே. பிறகு கிழக்கே தாழ்வாக உள்ள ஒரு நட்சத்திரம்: தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நகர்ந்தால் உயர்ந்திருக்கிறது.

இவ்வளவு தாழ்ந்த அட்சரேகையில் எடைத்தண்டு (கேமராவுக்குச் சமனாக எடை மாட்டும் கம்பி) கிட்டத்தட்ட செங்குத்தாகச் சுழலும், வடக்கு நோக்கிய காலில் இடிக்கும். டிரைபாட்டின் இரண்டு கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளி வடக்கைப் பார்க்கட்டும்.

அலைன்மென்ட் சரியாக இருந்தும் இழுக்கிறதா? கிழக்கு மேற்காக முன்னும் பின்னும் ஆடினால், அது வார்ம் கியரின் (திருகும் பற்சக்கரமும் சேர்ந்த அமைப்பு) பீரியாடிக் எரர், அதாவது சுற்றுக்குச் சுற்று திரும்பி வரும் பிழை. 144 பல் சக்கரம் என்பதால் வார்ம் திருகின் ஒரு சுற்றுக்குச் சுமார் 10 நிமிடம். அச்சை வேண்டுமென்றே விலக்கி 10 நிமிடம் ஷட்டரைத் திறந்து வைத்தால் நட்சத்திரம் ஓர் அலையை வரைந்து காட்டும். அதன் உயரம்தான் உங்கள் கியரின் பிழை. நீளமான நேர்க்கோடு என்றால் டயல் நிலா அல்லது 0.5எக்ஸ் குறியில் இருக்கும், அல்லது வடக்கு-தெற்கு ஸ்விட்ச் மாறியிருக்கும். திடீர்த் தாவல் என்றால் கிளட்ச் நழுவல், கேபிள் இழுப்பு அல்லது காற்று. கிழக்குப் பக்கத்தைக் கொஞ்சம் கனமாக வைத்தால் பற்கள் ஒட்டியே ஓடும்.

கைடிங் இதில் ஆர்.ஏ.வுக்கு மட்டுமே. பி.எச்.டி.2 என்ற கைடிங் மென்பொருளில் டெக் (வடக்கு-தெற்கு) கைடிங்கை அணைத்துவிடுங்கள். டெக் திசையில் நகர்வதை எந்த மென்பொருளும் சரிசெய்யாது.

கொடைக்கானல் அருகே மன்னவனூர் போன்ற புல்வெளிகளில் மண் நெகிழ்வு. ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு செங்கல் போடுங்கள், இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் கால் புதைந்து அலைன்மென்ட் போய்விடும். குளிரில் ஆல்கலைன் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடுவதால் 5 வோல்ட் பவர் பேங்க்கை யூ.எஸ்.பி.யில் மாட்டி, அதை டிரைபாட்டில் தொங்கவிடாமல் தரையில் வையுங்கள். லென்ஸுக்கு டியூ ஹீட்டர் (பனி படியாமல் சூடாக்கும் பட்டை) கட்டாயம்.