ஐஆர்2153 எஸ்எம்பிஎஸ் கிட்: டிடிஏ7294 ஆம்ப்ளிஃபயருக்கு சரிவருமா?

ஐஆர்2153 கண்ட்ரோல் ஐசி வச்ச ஹாஃப் பிரிட்ஜ் (ரெண்டு மாஸ்ஃபெட், அதாவது சுவிட்ச் டிரான்சிஸ்டர், மாறி மாறி ஆன் ஆகுற) எஸ்எம்பிஎஸ், அதாவது சுவிட்ச்சிங் பவர் சப்ளை கிட் ஒண்ணு வாங்கி, ரெண்டு டிடிஏ7294 ஆடியோ ஆம்ப்ளிஃபயர் ஐசி போர்டுக்கு பிளஸ் மைனஸ் 35 வோல்ட் வர்ற மாதிரி ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மர் நானே சுத்தி போட்டேன். சவுண்ட் அருமை, ஹம் (ஸ்பீக்கர்ல வர்ற கரண்ட் இரைச்சல்) சுத்தமா இல்ல, ரெண்டு மூணு கிலோ டொராய்டு (வளைய டிரான்ஸ்ஃபார்மர்) இருந்த இடத்துல இப்ப கையடக்க போர்டு.

ஐசி எவ்வளவு வேகமா சுவிட்ச் பண்ணணும்ங்கிற டைமிங்குக்கு 15 கே ரெசிஸ்டர், 1 நானோஃபாரட் கெபாசிட்டர், அதனால கிட்டத்தட்ட 47 கிலோஹெர்ட்ஸ்ல ஓடுது. கிட்ல எனக்கு பிடிக்காதது அவுட்புட் டயோடு தான், எஃப்ஆர்307 குடுத்திருக்காங்க, அதோட ரெக்கவரி டைம் (வோல்டேஜ் திரும்பினதும் டயோடு முழுசா ஆஃப் ஆக எடுக்குற நேரம்) 500 நானோசெகண்ட், இந்த ஸ்பீடுக்கு சூடாகுது, யூஎஃப்5404 வாங்கி மாத்துங்க, அதே ஓட்டையில பொருந்தும், 50 நானோசெகண்ட் தான்.

இன்னொண்ணு, அவுட்புட்டை பாத்து சரிபண்ற ஃபீட்பேக் கிடையாது, அதனால வோல்டேஜை ஒரே அளவுல வைக்குற ரெகுலேஷன் இல்ல. லைன் 230-லருந்து 200-க்கு இறங்கினா 35 வோல்ட் 30 கிட்ட வந்துரும். ஆம்ப்ளிஃபயருக்கு அது பெரிய பிரச்சனை இல்ல, டிரான்ஸ்ஃபார்மர் சப்ளையும் அப்படித்தான். ஆனா ஷார்ட் சர்க்யூட் ப்ரொடெக்ஷனும் இல்லங்க, சப்ளையோட அவுட்புட் வயர் ஒண்ணோட ஒண்ணு முட்டினா மாஸ்ஃபெட் போயிரலாம், அந்த விஷயத்துல மார்க் குறைக்கத்தான் வேணும்.

முதல் தடவை ஆன் பண்றப்ப 100 வாட் குண்டு பல்பு மெயின்ஸ் லைனோட சீரீஸ்ல கட்டாயம் போடுங்க, உள்ள 325 வோல்ட் டிசி இருக்கு, ஆஃப் பண்ணினாலும் கெபாசிட்டர்ல கொஞ்ச நேரம் நிக்கும், மீட்டர் வச்சு பாக்காம கை வைக்காதீங்க. எஸ்எம்பிஎஸ் பழக்கமே இல்லாதவங்க இதுல ஆரம்பிக்க வேணாம், மத்தவங்க தாராளமா வாங்கலாம்.